க்ளோசேயின் 16 கோல்கள்: அதிர்ஷ்டம் எவ்வளவு, வேலை எவ்வளவு?

ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: கிளப் ஆட்டங்களில் ஒரே ஒரு சீசனைத் தவிர வாய்பிளக்க வைக்கும் எண்ணிக்கை எதுவும் இல்லாத ஜெர்மன் கால்பந்து ஸ்ட்ரைக்கர் மிரோஸ்லாவ் க்ளோசே, உலகக்கோப்பையில் மட்டும் 16 கோல் அடித்து 2014இல் சாதனை படைத்தது எப்படி? நோஞ்சான் அணிகள் மாட்டியதாலா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2002இல் 5, 2006இல் 5, 2010இல் 4, 2014இல் 2. சவூதி அரேபியாவுக்கு எதிராக 3, கோஸ்டா ரிகா, ஈக்வடார் ஆகியவற்றுக்கு எதிராகத் தலா 2, அயர்லாந்து, கேமரூன், ஆஸ்திரேலியா, கானாவுக்கு எதிராகத் தலா ஒன்று. ஆக, குரூப் சுற்றில் 11. மிச்சம் 5 நாக்-அவுட்டில் வந்தவை: அர்ஜென்டினாவுக்கு எதிராக மட்டும் 3, இங்கிலாந்துக்கும் பிரேசிலுக்கும் எதிராக ஒவ்வொன்று. சவூதி ஆட்டத்தை அடியோடு அழித்துவிட்டாலும் 13 நிற்கும். இதில் ஒன்றுகூட பெனால்டி கிடையாது. பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்ததும் ஒன்றுகூடக் கிடையாது. ஏழு கோல் தலையால் வந்தவை.

ஆட்டத்துக்கு இத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்தால் அவர் முதலிடத்துக்கு அருகில்கூட வரமாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சின் ஜஸ்ட் ஃபோன்டேன் 6 ஆட்டத்தில் 13. கெர்ட் முல்லர் 13 ஆட்டத்தில் 14. பிரேசிலின் ரொனால்டோ 19 ஆட்டத்தில் 15. க்ளோசேவுக்கு 24 ஆட்டம் தேவைப்பட்டது. அப்படியானால் அந்தச் சாதனையின் பாதி, நான்கு உலகக்கோப்பைகளுக்குத் தேர்வாகி, நான்கிலும் அரையிறுதி வரை போன அணியில் இருந்தது. மறு பாதி, அந்த அணி அவருக்குப் பொருத்தமான பந்தைத் தொடர்ந்து கொடுத்தது. அவருடைய கிளப்களில் சில அதைக் கொடுத்தன, சில கொடுக்கவில்லை. என் கணிப்பில் அவருடைய வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம்தான் சாவி.

தொடக்கத்துக்குப் போவோம். 1978 ஜூன் 9, போலந்தின் ஒபோலே நகரில் பிறப்பு. அப்பா யோசெஃப் அந்த ஊர் ஒட்ரா ஒபோலே கிளப்பிலும் பிறகு பிரான்சின் ஒசேர் கிளப்பிலும் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர். அம்மா போலந்து தேசிய அணிக்கு ஹேண்ட்பால் ஆடியவர். ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம் என்ற முறையில், பையனுக்கு எட்டு வயதாகும் நேரத்தில் மேற்கு ஜெர்மனியின் கூசெல் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். பையனுக்கு அப்போது ஜெர்மன் மொழி தெரியாது.

இன்றைய ஐரோப்பிய நட்சத்திரங்கள் பத்து வயதிலேயே பெரிய கிளப்பின் அகாடமிக்குள் போய்விடுவார்கள். க்ளோசேவுக்கு அது வாய்க்கவில்லை. பிளௌபாக்-டீடெல்கோப்ஃப் என்ற கிராமத்து அணியில், தேசிய லீகிலிருந்து பல படிகள் கீழே இருந்த மாவட்ட லீகில், இருபது வயது வரை ஆடிக்கொண்டிருந்தார். கூடவே தச்சு வேலையில் முறைப்படி பயிற்சி முடித்தார். வீட்டுக் கூரைக்கு மரச்சட்டம் கட்டும் வேலை அது. 1998இல் ஹோம்புர்க் கிளப், 1999இல் கைசர்ஸ்லாட்டர்ன் கிளப்பின் இரண்டாம் அணி, 2000 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச லீகான புண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம். 21 வயது நிறைந்து பத்து மாதம் ஆனபிறகுதான் முதல் டிவிஷன் மைதானத்தில் கால் வைத்தார். அதிலிருந்து பதினோரு மாதத்தில் ஜெர்மனி அணியில் இருந்தார். நடுவில் போலந்துப் பயிற்சியாளர் யெர்சி எங்கெல் தங்கள் அணிக்கு வரும்படி கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 2001 மார்ச் 24, லெவர்குசென், அல்பேனியாவுக்கு எதிராக 1-1. மாற்று ஆட்டக்காரராக வந்தவர் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் வெற்றி கோலைப் போட்டார்.

இனி ஆட்ட முறை. ஏழு ஹெட்டர் என்றதும் ஆள் நெட்டையாக இருப்பார் என்று தோன்றும். ஆறடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவரை மார்க் செய்த டிஃபெண்டர்களில் பலர் அவரைவிட உயரம். உயரத்தை ஈடுகட்டியது ஓட்டமும் நேரக்கணக்கும். நின்ற இடத்திலிருந்து இரண்டு காலால் எம்பினால் கிடைக்கும் உயரத்தைவிட, நாலைந்து எட்டு ஓடிவந்து ஒற்றைக் காலை ஊன்றி எம்பினால் தெளிவாகக் கூடுதல் உயரம் கிடைக்கும். டிஃபெண்டருக்கு அந்த ஓட்டம் கிடைக்காது. அவர் பந்தையும் ஆளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்தே எம்புவார். ஆகவே ஸ்ட்ரைக்கரின் முதல் வேலை, ஓடிவர இடம் விட்டு நிற்பது. கோல் ஆசையில் முன்கூட்டியே கோலை ஒட்டிய ஆறு கஜப் பெட்டிக்குள் போய் நின்றுவிட்டால் அந்த அனுகூலம் போச்சு. அனுபவமில்லாத ஃபார்வர்டுகள் செய்யும் முதல் தப்பே இதுதான்.

இரண்டாவது, டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நிற்பது. விங்கில் பந்து இருக்கும்போது டிஃபெண்டரின் கண் அங்கே இருக்கும். க்ளோசே அவருடைய தோளுக்குப் பின்னால், பார்வை விழாத பக்கம் ஒதுங்கி, தொலைவு போஸ்டை நோக்கி இரண்டு எட்டு வைப்பார். டிஃபெண்டரும் அந்தப் பக்கம் சாய்வார். விங்கிலிருந்து கோல்முகத்துக்குப் பந்தை அனுப்பும், அதாவது கிராஸ் போடுபவர் காலைத் தூக்கும் கணத்தில் திரும்பி, டிஃபெண்டருக்கு முன்னால் வெட்டி, அருகிலுள்ள போஸ்டுக்கு வருவார். எல்லாமே கால் ஓங்கும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது: ஒரு நொடி முந்தினால் டிஃபெண்டர் கூடவே வந்துவிடுவார் அல்லது ஆஃப்சைடு கொடி உயரும்; ஒரு நொடி பிந்தினால் பந்து தலைக்கு முன்னால் கடந்துவிடும். இதற்குக் கிராஸ் போடுபவரின் பழக்கம் அத்துப்படியாக இருக்க வேண்டும். எத்தனை அடி எடுத்து வைத்துப் போடுவார், முதல் தொடுதலிலேயே போடுவாரா, பந்து வளையுமா, நேராக வருமா என்பதெல்லாம் பயிற்சியில் கூட ஆடி ஆடித்தான் தெரியும். மூன்றாவது, முட்டும் திசை. தரையை நோக்கி, கோல்கீப்பருக்கு முன்னால் ஒரு குத்து குத்தும்படி முட்டினால் காப்பது கடினம். அண்ணாந்து முட்டினால் பந்து பாருக்கு மேலே போகும்.

2002இல் அடித்த ஐந்தும் ஹெட்டர்கள். ஜூன் 1, சப்போரோவில் சவூதியை ஜெர்மனி 8-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் மூன்று. அடுத்து அயர்லாந்துக்கு எதிராக, நடுக்கள ஆட்டக்காரர் பல்லாக் தூக்கிப் போட்ட பந்தை டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓடி வாங்கி ஒன்று. பிறகு கேமரூனுக்கு எதிராக, மறுபடியும் பல்லாக்கின் கிராஸில் ஒன்று. அதோடு நின்றுவிட்டது. நாக்-அவுட்டில் பராகுவே, அமெரிக்கா, தென்கொரியா, இறுதியில் பிரேசில் என நாலு ஆட்டத்திலும் ஒன்றுமில்லை. அந்த அணிகள் அவரைவிட அவருக்குப் பந்து வரும் வழியை அடைத்தன. பிரேசிலுடனான இறுதியில் பல்லாக்கும் தடையால் ஆடவில்லை. தலைக்கு வரும் பந்து நின்றால் ஆளும் நின்றுபோவார் என்பது அன்றைய க்ளோசேவைப் பற்றிய நியாயமான குறைதான்.

அந்தக் குறை பிரேமனில் தீர்ந்தது. 2004இல் அவரை வாங்கிய வெர்டர் பிரேமன், தாமஸ் ஷாஃப் பயிற்சியில் நடுக்களத்தை வைர வடிவில் நிறுத்தி இரண்டு ஸ்ட்ரைக்கர்களோடு ஆடிய அணி. பின்னால் ஜொஹான் மிக்கு என்ற பிரெஞ்சு பிளேமேக்கர், பக்கத்தில் இவான் க்ளாஸ்னிச். தரையோடு வரும் பாஸுக்கு ஓடுவது, பந்தை வாங்கி ஒரே தொடுதலில் கூட்டாளிக்குத் திருப்புவது, இடது விங் வரை விலகிப்போய்த் தானே கிராஸ் போடுவது எல்லாம் இங்கே படிந்தன. முதல் சீசனில் 15 கோல். 2005-06இல் 26 ஆட்டத்தில் 25 கோல், லீகின் முதலிடம், அந்த ஆண்டின் சிறந்த ஜெர்மன் ஆட்டக்காரர் பட்டம். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கோல் என்பது அவர் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அந்த ஃபார்மோடு சொந்த நாட்டு உலகக்கோப்பைக்குப் போனார். 2006 ஜூன் 9, மியூனிக், அவருடைய 28ஆம் பிறந்தநாள். கோஸ்டா ரிகாவுக்கு எதிராக இரண்டு. இரண்டாவதைக் கவனிக்க வேண்டும்: தலையால் முட்டியதை கோல்கீப்பர் தட்டிவிட்டார், திரும்பி வந்த பந்தைக் காலால் உள்ளே தள்ளினார். தன் ஷாட் தடுக்கப்படும் என்று எடுத்துக்கொண்டே அடுத்த அடியை வைப்பவரால்தான் இது முடியும். எட்டு ஆண்டு கழித்து இதே கோல் வேறு மைதானத்தில் திரும்பி வரும். ஈக்வடாருக்கு எதிரான இரண்டும் காலால். காலிறுதியில் அர்ஜென்டினா 1-0 என்று முன்னிலையில் இருக்க, 80ஆம் நிமிடம் பல்லாக்கின் கிராஸை போரோவ்ஸ்கி தலையால் உரசிவிட, க்ளோசே தாழ்வாக முட்டி மூலைக்குள் அனுப்பினார். ஆட்டம் பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜெர்மனி பக்கம் போயிற்று. மொத்தம் 5 கோல், அதிக கோலுக்கான தங்கக் காலணி. போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் மட்டும் கோல் விழவில்லை. பிறந்த நாட்டை அவர் அடிப்பாரா என்று ஊடகங்கள் ஊதிய அளவுக்கு மைதானத்தில் எதுவும் நடக்கவில்லை.

பிறகு பேயர்ன் மியூனிக். கேள்வி கேட்டவரின் சந்தேகம் பெரும்பாலும் இந்த நான்கு ஆண்டுகளிலிருந்து வருவது. 2007-08இல் 10 கோல், 2008-09இல் 10, 2009-10இல் 25 ஆட்டத்தில் 3, 2010-11இல் 20 ஆட்டத்தில் 1. இரண்டு லீக் பட்டம், இரண்டு ஜெர்மன் கோப்பை கிடைத்தன. ஆனால் ஆளின் மதிப்பு சரிந்தது. முதலில் லூகா டோனி இருந்தார். அவரும் பாக்ஸுக்குள் நிற்கும் ஸ்ட்ரைக்கர். அந்த சீசனில் 24 கோலோடு லீகில் முதலிடம். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் ஓடக்கூடாது என்பதால் க்ளோசே விலகி ஓடி இடம் திறந்துவிடும் வேலையைச் செய்தார், அதற்குக் கோல் பட்டியலில் வரவு கிடையாது. அடுத்து பயிற்சியாளராக வான் கால் வந்தார், ஆட்டக்காரராக ராபனும் வந்தார். இடதுகால் ராபன் வலது விங்கில் நின்று உள்ளே வெட்டித் தானே ஷாட் அடிப்பவர். கோட்டுவரை போய் கிராஸ் போடுவது அபூர்வம். க்ளோசே வாழ்ந்ததே அந்தக் கிராஸில். போதாக்குறைக்கு ஒலிச், கோமெஸ், இளைஞர் தாமஸ் முல்லர் மூவரும் போட்டிக்கு. பெஞ்சிலிருந்து கடைசி இருபது நிமிடம் இறங்கும் ஆளுக்கு நேரக்கணக்கு கூடி வருவது கடினம், ஃபார்மும் போகும்.

2010 தென்னாப்பிரிக்காவுக்கு அவரைக் கூட்டிப்போவதே தவறு என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. பயிற்சியாளர் யோவாகிம் லோவ் கேட்கவில்லை. இந்தப் பிடிவாதம் நட்புக்காக வந்தது அல்ல என்று நினைக்கிறேன். ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை முன்னால் நிறுத்தும் லோவின் 4-2-3-1 அமைப்பில் ஓசில், தாமஸ் முல்லர், பொடோல்ஸ்கி மூவரும் பின்னாலிருந்து வேகமாக ஓடிவருபவர்கள். முன்னால் டிஃபெண்டர்களைக் கட்டிப்போட்டு, பந்தை ஒரு தொடுதலில் திருப்பிக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக லாமின் கிராஸில் ஹெட்டர். அடுத்த செர்பியா ஆட்டத்தில் 37 நிமிடத்துக்குள் இரண்டு மஞ்சள் அட்டை, வெளியேற்றம். இரண்டும் பந்தை மீட்கப் பின்னாலிருந்து கால் நீட்டியதற்கு. ஃபார்வர்டுகள் தற்காப்புக்கு ஓடிவரும்போது வழக்கமாகச் சிக்கும் இடம் இது: உழைப்பு இருக்கும், டேக்கிளின் நேரக்கணக்கு இருக்காது. அடுத்த நிமிடமே செர்பியா கோல் போட்டு 1-0 என்று வென்றது.

ப்ளூம்ஃபொன்டைனில் இங்கிலாந்துக்கு எதிராக அடித்ததுதான் அவருடைய 16இல் அதிகம் கவனிக்கப்படாத கோல். 20ஆம் நிமிடம் ஜெர்மன் கோல்கீப்பர் மானுவேல் நோயர் கோல்கிக்கை நெட்டி உதைத்தார். கோல்கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, இது விதி. அதனால் டிஃபென்ஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். பந்து நடுவில் குத்தி எழுந்தது. இங்கிலாந்து டிஃபெண்டர்கள் டெர்ரியும் அப்ஸனும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. க்ளோசே அப்ஸனைத் தோளால் தள்ளிவைத்தபடி சறுக்கி, கால் நுனியால் பந்தை கோல்கீப்பரைத் தாண்டி விட்டார். ஒரு பாஸ்கூட இல்லாத கோல். அடுத்து கேப்டவுனில் அர்ஜென்டினா 0-4. க்ளோசேவின் நூறாவது சர்வதேச ஆட்டம், இரண்டு கோல். முதலாவதை பொடோல்ஸ்கி குறுக்கே தள்ளிவிட, ஆளில்லாத கோலில் தட்டியதோடு சரி. எல்லாரும் சிரிக்கும் சுலபமான கோல். அந்த இடத்தில் நிற்பதுதான் வேலை. பேயர்னுக்காக லீகில் சீசன் முழுவதும் 3 கோல் அடித்தவர் ஒரே மாதத்தில் 4 அடித்ததற்கு மந்திரம் எதுவும் இல்லை. பந்து வந்தது, அவ்வளவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே ஜெர்மனி அணியோடு போன மூன்று யூரோ கோப்பைகளில் அவர் கணக்கு மொத்தம் 3. ஆகவே ‘தேசிய உடுப்பைப் போட்டாலே கோல்’ என்ற பேச்சை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் இன்னொரு கணக்கு கேட்பவரை அசைக்கும்: 137 ஆட்டத்தில் 71 கோல் அடித்த அவர், கோல் போட்ட ஆட்டம் எதிலும் ஜெர்மனி தோற்றதில்லை. 2008இல் ஹெல்சின்கியில் பின்லாந்து மூன்று கோல் அடித்தபோதும் அவர் மூன்றையும் திருப்பிக் கொடுத்து 3-3 ஆக்கினார்.

33 வயதில் இத்தாலியில் ரோம் நகரின் லாசியோ கிளப். சம்பளத்துக்கு ரோம் போய் ஓய்வெடுப்பார் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2011 அக்டோபரில் அதே ஊர் அணியான ரோமாவுக்கு எதிரான டெர்பியில் கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டு ஊரை வாங்கிக்கொண்டார். 2013 மே 5 அன்று போலோன்யாவை 6-0 என்று வென்ற ஆட்டத்தில் ஐந்து கோல். இத்தாலி முதல் டிவிஷனில் 1986க்குப் பிறகு ஒருவர் ஒரே ஆட்டத்தில் ஐந்து அடித்தது அதுவே முதல் முறை. மூன்று வாரம் கழித்து இத்தாலியக் கோப்பை. ஐந்து சீசனில் 139 லீக் ஆட்டம், 54 கோல். 2012 செப்டம்பரில் நேப்பிள்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும்: கார்னரில் வந்த பந்து அவர் கையில் பட்டு கோலானது, நடுவர் கோல் என்று ஊதிவிட்டார்; க்ளோசே தானே போய் கையில் பட்டதைச் சொல்ல, கோல் ரத்தாயிற்று. லாசியோ அன்று 0-3 என்று தோற்றது. 2005இல் பிரேமனிலும் தனக்குக் கிடைத்த பெனால்டி சரியில்லை என்று நடுவரிடம் சொன்னவர்தான் இவர்.

2014 அணியில் இருந்த 23 பேரில் அசல் ஸ்ட்ரைக்கர் என்று அவர் ஒருவர்தான், வயது 36. பிரேசிலுக்குக் கிளம்பும் முன் மைன்ஸில் அர்மேனியாவுக்கு எதிராக 69ஆவது கோல் போட்டு, கெர்ட் முல்லரின் 68ஐத் தாண்டினார். முல்லர் அதை 62 ஆட்டத்தில் அடித்தவர் என்பதை ஜெர்மானியர்கள் உடனே நினைவுபடுத்துவார்கள், நியாயம்தான். கானாவுக்கு எதிராக 1-2 என்று பின்தங்கியிருக்கையில் 69ஆம் நிமிடம் இறங்கினார். 71இல் கார்னர்; ஹோவெடெஸ் தலையால் தட்டிய பந்து தொலைவு போஸ்டைத் தாண்டிப் போகப் பார்க்க, நீட்டிய கால் அதை உள்ளே தள்ளியது. கோலுக்குப் பின் வழக்கமாகப் போடும் குட்டிக்கரணமும் போட்டார், தரையிறங்கும்போது தடுமாறி உட்கார்ந்துவிட்டார். ஜூலை 8, பெலோ ஹொரிசோன்ச்சி, பிரேசிலுடனான அரையிறுதி: 23ஆம் நிமிடம் முதல் ஷாட்டை கோல்கீப்பர் ஜூலியோ சீசர் தடுத்தார், திரும்பி வந்ததை க்ளோசே வலைக்குள் அனுப்பினார். கோஸ்டா ரிகா கோலின் அச்சு அசல். அதுதான் 16. அடுத்த ஆறு நிமிடத்தில் ஜெர்மனி இன்னும் மூன்று போட, ஆட்டம் 7-1இல் முடிந்ததால் சாதனையைப் பற்றி அன்றைக்கு யாரும் சரியாகப் பேசவில்லை. இறுதியாட்டத்தில் 88ஆம் நிமிடம் அவருக்குப் பதிலாக வந்த கோட்சேதான் 113இல் கோப்பையை வென்ற கோலை அடித்தார்.

2022 கத்தார் உலகக்கோப்பை முடிந்தபோது உலகக்கோப்பை கோல் கணக்கு மெஸ்ஸிக்கு 13, எம்பாப்பேவுக்கு 12. எம்பாப்பேவுக்கு அப்போது 24 வயது நிறைய இரண்டு நாள் பாக்கி. க்ளோசே 24 வயதில் 5தான் வைத்திருந்தார்.

அவருடைய ஆட்டத்தைப் படிக்க விரும்பும் இளம் ஃபார்வர்டுகள் கோல் தொகுப்பு வீடியோக்களைப் பார்ப்பதில் பயன் குறைவு. அவை ஷாட்டுக்கு இரண்டு நொடி முன்னால்தான் தொடங்கும். அதற்குள் அவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருப்பார். 2006 காலிறுதி, 2010 அர்ஜென்டினா ஆட்டம், 2013 போலோன்யா ஆட்டம் மூன்றும் முழு ஆட்டமாகக் கிடைத்தால் பாருங்கள். பந்து விங்குக்குப் போனதும் பந்தை விட்டுவிட்டு, டிஃபெண்டரின் தோளுக்குப் பின்னால் நிற்கும் ஆளை மட்டும் பாருங்கள். முக்கால்வாசி ஓட்டங்களுக்குப் பந்து வராது. அடுத்த தாக்குதலிலும் அதே ஓட்டத்தை அதே வேகத்தில் மறுபடி ஓடுவார்.